தம்பியின் நோய்ப் பெயர் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?

வானதி:
என் தம்பி கல்லூரி இறுதியாண்டில் இருந்தபோது, பக்கத்து அறைக்காரர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று இரவெல்லாம் சுவரில் காதை வைத்துக்கொண்டிருந்தான். மருத்துவமனையில் சேர்த்தோம். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘தற்காலிகக் கடும் சைக்கோசிஸ்’ (நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோகும் நிலை) என்று எழுதியிருந்தார்கள். மறு ஆண்டு மீண்டும் சேர்க்க நேர்ந்தபோது அது மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்றானது. இப்போது பார்க்கும் மருத்துவர், பழைய தாள்களையெல்லாம் படித்துவிட்டு, ஸ்கிசோஅஃபெக்டிவ் கோளாறு (மனச்சிதைவின் அறிகுறிகளும் மனநிலை ஏற்ற இறக்கங்களும் சேர்ந்தது) என்கிறார், மனநிலையைச் சமன்படுத்தும் லித்தியம் மாத்திரையும் சேர்த்திருக்கிறார். முன்பு பார்த்தவர்கள் தவறாகக் கணித்தார்களா, அல்லது நோயே மாறுகிறதா? அம்மா தினமும் கேட்கிறார்; எனக்குப் பதில் தெரியவில்லை.

மருதன் (மனநல மருத்துவர்):
சகோதரி, நீங்கள் குறிப்பிட்ட மூன்று பெயர்களிலும் காலக்கணக்கு அடங்கியிருக்கிறது. முதல் பெயர், திடீரெனத் தொடங்கி விரைவில் அடங்கும் நிலைக்கு உரியது; மனச்சிதைவுக்கே உரிய அறிகுறிகள் ஒரு மாதத்தைத் தாண்டி நீடித்தால் பெயரை மாற்ற வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுக் கையேடான ஐசிடி-10 சொல்கிறது. அமெரிக்காவின் மனநோய் வகைப்பாட்டு நூலான டிஎஸ்எம் முறையிலோ, மனச்சிதைவு என்று எழுதுவதற்கு நோயின் தடயங்கள் 6 மாதமாவது தொடர்ந்திருக்க வேண்டும். ஆகவே, இரண்டாவது வாரத்தில் பார்க்கும் மருத்துவர், ஓராண்டு கழித்துத் தெரியவிருப்பதை அன்றே எழுத வழியில்லை.

ஸ்கிசோஅஃபெக்டிவ் இன்னும் சிக்கலானது. மனநிலை ஏற்ற இறக்கங்கள் நோய்க்காலத்தின் பெரும்பகுதியில் இருந்திருக்க வேண்டும். அதே நேரம், அவை இல்லாத காலத்திலும் மாயக்குரலோ பொய் நம்பிக்கையோ 2 வாரமாவது நீடித்திருக்க வேண்டும் என்கிறது டிஎஸ்எம்-5. முழு வரலாறும் கையில் இருந்தால்தான் இதைச் சொல்ல முடியும். உங்கள் மருத்துவர் பழைய தாள்களைப் படித்தது அதற்காகத்தான்.

நியூயார்க் மாநிலத்தின் சஃபோக் மாவட்டத்தில், 1989 முதல் 1995 வரை சைக்கோசிஸுக்காக முதன்முறை மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் 470 பேரின் நோயறிதலைப் பத்தாண்டு வரை ஆராய்ந்தார்கள். கிடைத்த எல்லாத் தகவல்களையும் வைத்து மருத்துவர்கள் கூடிப் பேசி முடிவு செய்தும், 50.7 விழுக்காட்டினருக்கு எப்போதாவது ஒருமுறை பெயர் மாறியது. ஆனால் மாற்றம் தாறுமாறானதல்ல. தொடக்கத்தில் மனச்சிதைவு எனப்பட்டவர்களில் 89.2 விழுக்காட்டினரும், பைபோலார் (அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்) எனப்பட்டவர்களில் 77.8 விழுக்காட்டினரும் பத்தாம் ஆண்டிலும் அதே பெயரில் இருந்தார்கள். வேறு பெயருடன் தொடங்கியவர்களில் 32 விழுக்காட்டினர் படிப்படியாக மனச்சிதைவுக்கு வந்து சேர்ந்தார்கள். உங்கள் தம்பியின் முதல் மாற்றம் இந்த வழக்கமான பாதையில்தான் நடந்திருக்கிறது.

இளவழுதி:
மருதன் ஐயா சொல்வது சரியே. ஆனாலும் எல்லா மாற்றத்தையும் காலத்தின் மேல் போட்டுவிட முடியாது. மருத்துவரிடம் சொல்லாமல் விட்டவையும் உண்டு. கஞ்சா பழக்கத்தை வீட்டார் மறைத்துவிடுவது நம்மிடையே சர்வசாதாரணம். போதைப்பொருளால் வந்த சைக்கோசிஸ் என்று முதலில் எழுதப்பட்டவர்களை டென்மார்க்கில் பல ஆண்டுகள் கண்காணித்தபோது, 32.2 விழுக்காட்டினர் பிற்பாடு மனச்சிதைவுக்கோ பைபோலாருக்கோ மாறியதாக 2018 ஆய்வு காட்டியது. கஞ்சாவால் வந்தவர்களில் அது 47.4 விழுக்காடு. வலிப்பும் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் மூளை அழற்சியையும் பார்க்க வேண்டும். மூளை செல்களில் உள்ள என்எம்டிஏ ஏற்பிகளைத் தாக்கும், உடலே உருவாக்கும் எதிர்ப்பொருள்களால் சைக்கோசிஸ் வருவதுண்டு என்பதே 2007இல்தான் தெளிவானது.

விதிநூலும் மாறுகிறது. 2013இல் வந்த டிஎஸ்எம்-5, மனச்சிதைவின் ‘பாரனாய்டு’ (சந்தேகம் மிகுந்த வகை) முதலிய உட்பிரிவுகளை நீக்கிவிட்டது. பழைய தாளில் அந்தச் சொல் இருந்து புதிய தாளில் இல்லையென்றால் நோயாளியிடம் எந்த மாற்றமும் நடக்கவில்லை.

வானதி:
இருவருக்கும் நன்றி. கஞ்சா இல்லை, விசாரித்துவிட்டோம். ஆனால் இரண்டாம் முறை சேர்ப்பதற்கு முன், தூக்கமே இல்லாமல் ஊர் முழுக்கக் கடன் வாங்கி மூன்று செல்போன் வாங்கினான். அதைப் படிப்புக் கவலை என்று நினைத்து நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்லலாமா?

மருதன் (மனநல மருத்துவர்):
கட்டாயம் சொல்லுங்கள், இந்த ஒரு தகவலே சிகிச்சையின் போக்கை மாற்றக்கூடும். தூக்கம் எந்த மாதம் குறைந்தது, செலவு எப்போது கூடியது, அவர் இயல்பாக இருந்த வாரங்களிலும் குரல் கேட்டதா என்பதைத் தேதி வாரியாக எழுதி எடுத்துச் செல்லுங்கள். பெயர் மாறிவிட்டதே என்று எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். லித்தியம் எடுப்பதால், இரத்தத்தில் அதன் அளவு, சிறுநீரகம், தைராய்டு ஆகிய பரிசோதனைகளைச் சொன்ன நாளில் செய்துவிடுங்கள். வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் உடனே மருத்துவரை அழையுங்கள்; அவரைக் கேட்காமல் இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள்.