புளிப்புப் பியரை ஆண்டுக்கணக்கில் வைத்து முதிர்த்தல்: ஒரு சொல் வேண்டும்

மா. எழுதியது:
அன்பர்களே, வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பெல்ஜியப் பியர் கையேட்டை மொழிபெயர்த்துத் தரவேண்டும். எந்தப் புளிப்புப் பியரை வாங்கி நிலவறையில் பல ஆண்டு வைக்கலாம் என்ற அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன். பிரஸ்ஸல்ஸ் பக்கத்து லாம்பிக் என்ற புளிப்புப் பியரில் ஓராண்டு, இரண்டாண்டு, மூன்றாண்டுச் சரக்கைக் கலந்து அடைப்பது ஊட் கூஸ். புட்டிக்குள்ளேயே மறுபடி நொதிக்கும், பிரெட்டனோமைசிஸ் ஈஸ்ட் உயிரோடு இருக்கும். 20 ஆண்டு தாங்கும் என்று சில ஆலைகள் லேபிலிலேயே போடுகின்றன. வாங்கியவர் இப்படி வைத்து முதிரவிடுவதற்கு என்ன சொல்? "சேமிப்பு" என்றால் அரிசி மூட்டைதான் நினைவுக்கு வருகிறது.

தி. எழுதியது:
புறநானூறு 120 பாருங்கள், "நிலம்புதைப் பழுநிய மட்டின் தேறல்". நிலத்தில் புதைத்து முதிரவைத்த கள். ஆகவே "புதைபழுநல்". பழுநு, பழு, பழம் எல்லாம் ஒரே குடும்பம், இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

செ. எழுதியது:
ஐயா, புதைபழுநல் என்று படித்தால் வாசகர் தோட்டத்தைத் தோண்டப் போய்விடுவார். "முதிர்த்தல்" போதாதா?

மா. எழுதியது:
போதாது அக்கா. ரோடன்பாக் கிராண்ட் குரு என்ற புளிப்புப் பியரில் மூன்றில் இரண்டு பங்கு, ஓக் மரத் தொட்டியில் இரண்டு ஆண்டு கிடந்த பியர். அதற்கு "முதிர்த்தல்" என்று முந்தைய அத்தியாயத்திலேயே போட்டுவிட்டேன். அது ஆலைக்காரர் வேலை, இது வாங்கியவர் வேலை.

தி. எழுதியது:
அப்படியானால் புறம் 392, ஔவையார்: "தேட்கடுப்பன்ன நாட்படு தேறல்". தேள் கொட்டியதுபோல் கடுக்கும், நாள்பல வைத்த கள். ஆகவே நாட்படுத்தல்! கான்டியோன் ஆலையில் கூஸ் புட்டிகளைப் படுக்கவைத்துத்தான் அடுக்குகிறார்கள், அந்தப் பொருளும் உள்ளே வந்துவிடுகிறது பாருங்கள்.

ர. எழுதியது:
நாட்பட்ட புண், நாட்பட்ட இருமல் என்று தினமும் எழுதுகிற மருத்துவன் நான். நாட்பட்ட பியர் என்றால் காலாவதியானது என்று கொட்டிவிடுவார்கள். அதிலும் புளிப்பு வேறு! காலையில் இறக்கிய கள் சாயங்காலம் புளித்தாலே முகம் சுளிக்கிற ஊர் நம்முடையது.

தி. எழுதியது:
நாட்பட்ட என்பது தன்வினை, நாட்படுத்திய என்பது பிறவினை. இந்த வேறுபாடு தெரியாதவர்களை வைத்துச் சொல்லாக்கம் செய்ய முடியாது.

செ. எழுதியது:
தெரியாதவர்களுக்குத்தானே ஐயா கையேடே போடுகிறார்கள். அப்புறம் மா., கண்டதையெல்லாம் வைக்கச் சொல்லிவிடாதே. செர்ரி போட்ட லாம்பிக்கான கிரீக்கில் நாளாக ஆகப் பழமணம் மங்கிவிடும். இனிப்புச் சேர்த்துப் பாஸ்சர் முறையில் சூடாக்கிய கூஸில் ஈஸ்ட்டே செத்துப்போயிருக்கும், எத்தனை வருஷம் வைத்தாலும் ஒன்றும் ஏறாது. அதற்கெல்லாம் கலைச்சொல் வேண்டாம், வாங்கியதும் குடிக்கலாம்.

மா. எழுதியது:
அந்த எச்சரிக்கை மூலத்திலும் இருக்கிறது. சரி, ஆலையில் நடப்பது "தொட்டி முதிர்வு", வீட்டில் நடப்பது "புட்டி முதிர்வு" என்று போட்டு அனுப்புகிறேன். "நாட்படுத்தல்" சொல்லடைவில் ஒருமுறை வரும்.

ர. எழுதியது:
ஒப்புகிறேன். தூக்கம் வருகிறது.

தி. எழுதியது:
எனக்கு உடன்பாடில்லை என்று பதிவு செய்யுங்கள். முதலில் "புட்டி" தமிழா என்று யாராவது பார்த்தீர்களா? குப்பி என்றும் போடமுடியாது, அதைக் "கூபீ" என்ற வடசொல்லோடு சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். நாளை விரிவாக எழுதுகிறேன்.