ஷீலா எந்த இடத்தில் மாறுகிறாள்? மேடையேற்றியவர்களின் பகிர்வு

ஜே.பி. பிரீஸ்ட்லியின் ‘அன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்’ நாடகத்தில் ஷீலா பர்லிங்காக நடிப்பவர்கள் அதிகம் சறுக்குவது முதல் அங்கத்தில்தான். ஆலை முதலாளி பர்லிங்கின் வீட்டுக்கு வரும் இன்ஸ்பெக்டர் கூல், ஈவா ஸ்மித் என்ற பெண் தற்கொலை செய்துகொண்டதாகச் சொல்லி வீட்டில் ஒவ்வொருவரையும் விசாரிப்பதுதான் கதை. ஷீலா அந்த வீட்டு மகள். ஆலையில் வேலைசெய்யும் இந்தப் பெண்கள் மலிவுக் கூலிகள் இல்லை, மனுஷிகள் என்று அவள் அப்பாவிடம் சொல்கிறாளே, அந்த வரியை மேடைப் பேச்சாக முழங்கிவிடுகிறார்கள். அதுவரை குற்றம் அப்பாவுடையது. வாரத்துக்கு 22 ஷில்லிங் 6 பென்ஸ் கிடைத்த இடத்தில் 25 ஷில்லிங் கேட்டு வேலைநிறுத்தம் செய்த ஈவா ஸ்மித்தை, 1910 செப்டம்பரில் வேலையை விட்டு நீக்கியவர் அவர். அவர் செய்த தப்புக்காக இரக்கப்படுவதில் ஷீலாவுக்குக் கைநஷ்டம் எதுவும் இல்லை. யோசிக்காமல் வாயில் வந்துவிட்ட சொல்லாக அது விழட்டும். அங்கேயே முழுசாக விழித்துவிட்டால் ஈவாவின் புகைப்படம் வரும்போது நடிக்க ஒன்றும் மிஞ்சாது.

*

புகைப்படக் காட்சிக்கு மேடைக் குறிப்பே வழி சொல்கிறது. அஞ்சலட்டை அளவுப் படம். இன்ஸ்பெக்டர் விளக்குப் பக்கம் நகர, ஷீலா அவரிடம் போய் உற்றுப் பார்க்கிறாள். சின்னதாக ஒரு குரல், பாதியில் அடங்கிய விம்மல், உடனே வெளியே ஓட்டம். அவ்வளவுதான். இங்கே ஓவென்று அழுதால், திரும்பி வந்து அவள் சொல்லப்போகும் கதை, அதாவது மில்வர்ட்ஸ் என்ற கடையில் ஈவாவின் அடுத்த வேலையை அவள் பறித்த கதை, செத்துவிடும்.

வெற்று அட்டையைக் கொடுக்காதீர்கள். அட்டையில் ஒரு முகம் இருந்தால்தான் நடிகையின் கண் அதில் நிற்கும். ஓடும் வழியில் நாற்காலி இல்லாமல் ஒத்திகையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், நீளப் பாவாடை நிச்சயம் மாட்டும்.

அந்தக் கடைக் கதையில் அவளே ஒப்புக்கொள்ளும் ஒரு விஷயம் பலருக்கும் நழுவுகிறது. அம்மாவும் வேண்டாம், கடைக்காரப் பெண்ணும் வேண்டாம் என்ற உடையை அவள் பிடிவாதமாகப் போட்டுப் பார்க்கிறாள், பொருந்தவில்லை. ஈவா அதைத் தன்மேல் வைத்துக் காட்டியபோது கச்சிதமாக இருந்தது. பிறகு ஈவா சிரித்ததைக் கண்ணாடியில் பார்த்துவிடுகிறாள். மேலாளரிடம் புகார், அம்மாவின் கணக்கையே மூடச் செய்வேன் என்ற மிரட்டல். அந்தப் பெண் அழகில்லாதவளாக இருந்திருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டேன் என்று தானே சொல்கிறாள். இந்தப் பொறாமையை மென்று விழுங்காமல் தெளிவாகச் சொல்ல வேண்டும். கூட இருப்பவர்கள் சாக்குத் தேடிக்கொண்டிருக்கும்போது தன்னைப் பற்றிய அசிங்கமான உண்மையைச் சொல்லத் துணிபவள் அவள். என் கணக்கில் அவள் மாற்றம் தொடங்குவது இங்கேதான்.

*

மோதிரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளுக்கு நிச்சயமான ஜெரால்ட் போட்ட மோதிரத்தை முதல் அங்கத்தில் கண்ணைவிட்டு அகற்ற மாட்டேன் என்கிறாள், இரண்டாம் அங்கத்தில் கழற்றிக் கொடுத்துவிடுகிறாள். விளக்குச் சூட்டில் விரல் வீங்கும். அதனால் ஓர் அளவு தளர்வான மோதிரமே நல்லது. கழற்ற இழுத்துக்கொண்டு நின்றால் அந்த இடம் சிரிப்பில் முடியும். கோபத்தில் வீசவும் கூடாது. ஈவாவோடு தனக்கு இருந்த உறவைப் பற்றி அவன் உண்மையைச் சொன்னதற்காக அவனை முன்பைவிட மதிக்கவே செய்கிறாள். கையில் வைப்பதுதான் சரி. ஜெரால்டாக நடிப்பவர் அதை எந்தப் பையில் போட்டார் என்பதை மறக்கக் கூடாது, மூன்றாம் அங்கத்தில் மறுபடி எடுத்து நீட்ட வேண்டும்.

*

மேலே வந்தவை எல்லாம் சரி. ஆனால் பாத்திரம் நிற்பதும் விழுவதும் மூன்றாம் அங்கத்தின் பின்பாதியில். கூல் என்ற பெயரில் போலீஸில் ஆளே இல்லை, மருத்துவமனையில் தற்கொலை எதுவும் பதிவாகவில்லை என்று தெரிந்ததும் பர்லிங் குடிக்க ஊற்றுகிறார், வீடே மூச்சுவிடுகிறது. பயத்தால் வந்த வருத்தமாக இருந்தால் ஷீலாவுக்கும் இப்போது அது போயிருக்க வேண்டும். போகவில்லை. யாரும் சாகாமல் இருக்கலாம், நாம் செய்தது செய்ததுதானே என்பதே அவள் வாதம். சற்றுமுன் இன்ஸ்பெக்டர் சொல்லிப்போன நெருப்பும் ரத்தமும் வேதனையும் அவள் வாயில் திரும்ப வருகின்றன.

இங்கே குரலை ஏற்றுவதுதான் வழக்கமான பிழை. ஏற்றினால் சகோதரன் எரிக்கும் அவளும் ஒரே சுருதியில் கத்துவதாகிவிடும். எரிக் கொதிக்கட்டும், அவள் தாழ்ந்த குரலில், ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துப் பேசட்டும். மற்றவர்கள் உட்கார்ந்து தளரும்போது அவளை நிற்கவைத்தால் வேறு விளக்கமே வேண்டாம்.

ஜெரால்ட் மோதிரத்தை நீட்டும்போது அவள் ‘முடியாது’ என்று சொல்வதில்லை. இப்போது வேண்டாம், இது ரொம்பச் சீக்கிரம், யோசிக்க வேண்டும் என்கிறாள். அதை வீராவேசமான மறுப்பாக்கினால் வசனத்துக்கு எதிராகப் போகிறீர்கள். இரண்டு நொடி மோதிரத்தைப் பார்த்துவிட்டு, கையை நீட்டாமல் சொல்லட்டும். தொலைபேசி மணி அடிக்கும்போதும் அந்தக் கை அப்படியே இருக்கட்டும்.