கலகக்காரரும் கலவரமூட்டியும்

வணக்கம்.

நம் ஆங்கில-தமிழ்ச் சொற்பட்டியலில் ட்ரபிள்மேக்கருக்கு ‘விஷமி’ போதும் என்று ஐயா எழுதியிருந்தார். செய்தித்தாள் பழக்கம் அது: ‘கோயில் சுவரில் விஷமிகள் கைவரிசை’. அதில் இருப்பது விஷம் இல்லை, விஷமம். வடமொழியில் சமமற்றது, கோணலானது. பேரன் சர்க்கரை டப்பாவைக் கவிழ்த்தாலும் பாட்டி ‘விஷமம் பண்ணாதே’ என்றுதான் அதட்டுவாள். சுவரில் கிறுக்குகிறவனுக்கு அது சரி. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உட்கார்ந்து இங்கே 2021 ஜூலையில் நடந்த கலவரத்தைப் பற்றி எழுதும்போது கை வரவில்லை. 350 பேருக்கு மேல் செத்ததை விஷமம் என்பதா?

அந்தக் கலவரத்தைக் கிளப்பிவிட்டவர்களை அரசாங்கம் ‘இன்ஸ்டிகேட்டர்’ என்றது. அதற்குக் ‘கலகக்காரர்’ என்பது எனக்கு ஒப்பவில்லை. தமிழில் கலகம் முழுக்கக் கெட்டது அல்ல. கலகம் பிறந்தால்தானே நியாயம் பிறக்கும்? 1913-இல் இங்கே நேட்டாலில், ஒப்பந்தம் முடிந்த இந்தியக் கூலிகள் மேல் போட்ட மூன்று பவுன் வரியை எதிர்த்து நிலக்கரிச் சுரங்கத்திலும் கரும்புத் தோட்டத்திலும் வேலையை நிறுத்தியவர்கள் செய்தது கலகம். அதே போராட்டத்தில் சிறை போய், அங்கே நோய் பிடித்து, வெளியே வந்து 1914 பிப்ரவரியில் இறந்த தில்லையாடி வள்ளியம்மை அன்றைய சட்டத்தின் கண்ணில் கலகக்காரிதான். அவருக்கும் கிடங்குக்குத் தீ வைக்க ஆள் கிளப்பியவனுக்கும் ஒரே பெயரா?

அதனால் ‘அஜிடேட்டர்’, அதாவது கிளர்ச்சி செய்பவர், கலகக்காரராகவே இருக்கட்டும். இன்ஸ்டிகேட்டருக்குக் ‘கலவரமூட்டி’ என்று வைக்கலாம். தீ மூட்டுவது, சண்டை மூட்டுவது, கோள் மூட்டுவது எல்லாம் பேச்சில் உள்ளவைதான். கல்லைத் தொடாமலே மூட்டலாம், வாட்ஸ்அப்பில் ஒரு குரல்செய்தி போதும். வழிகாட்டி மாதிரி ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ‘தூண்டுநர்’ வேண்டாம், படிக்கத் தூண்டுகிற வாத்தியாரும் அதில் வந்து மாட்டுவார்.

தெருவில் சொல்கிற ‘ட்சோட்சி’க்கு நம் போக்கிரியே இருக்கிறான், விட்டுவிடலாம்.

சிக்கல், டர்பனை ஒட்டி இந்தியர்கள் அதிகம் வாழும் பீனிக்ஸில்தான். அங்கே கொல்லப்பட்டவர்கள் 36 பேர் என்று போலீஸ் அமைச்சரே அறிவித்தார். தெருமுனையில் வண்டிகளை மறித்துக் காவல் நின்ற நம்மவர்கள் சிலர் மேல் கொலை வழக்கு வந்தது. அவர்கள் கலவரமூட்டிகள் அல்ல, மூட்டியவர்கள் வேறு. கொன்றவரைக் கொலையாளி என்றே எழுதிவிடலாம். ஆனால் சட்டத்தைத் தானே கையில் எடுக்கிற ‘விஜிலான்டி’க்குப் பட்டியலில் ‘ஊர்க்காவலர்’ என்று இருப்பதை எடுத்துவிட வேண்டும். தமிழ்நாட்டில் ஊர்க்காவல் படை என்பது அரசே நடத்துவது. இங்கே நடந்ததற்கு அந்தப் பெயரைக் கொடுத்தால் கொலைக்கு உத்தியோகச் சட்டை மாட்டிவிட்ட மாதிரி ஆகிவிடும். ‘தான்தோன்றிக் காவலர்’ எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.