செராமிக் கற்றுக்கொள்ள வழி சொல்லுங்களேன்

வணக்கம். மானாமதுரைப் பக்கம் பானை வனையும் குடும்பம் எங்களுடையது. தங்கை பிளஸ் டூ முடித்துவிட்டாள். சக்கரத்தில் அப்பாவைவிட அவள் கை நிதானம் (அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்). கிளேஸ் (சுட்டால் கண்ணாடி மாதிரி பளபளக்கும் பூச்சு) பூசும் ஸ்டோன்வேர் (அதிகச் சூட்டில் கெட்டியாகச் சுடும் மண்பாண்டம்) வேலைதான் செய்வேன் என்கிறாள்.

போன மாதம் எங்கள் கண்மாய் மண்ணில் ஒரு கோப்பை வனைந்து, தெரிந்தவரின் கேஸ் சூளையில் வைக்கக் கொடுத்தோம். அங்கே சூடு 1,200 டிகிரியைத் தாண்டியிருக்கிறது. எங்கள் மண் ஆயிரத்துக்கு மேல் பார்த்ததே இல்லை. வெல்லப்பாகு மாதிரி உருகிச் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொண்டது. தட்டுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்தோம்! அவளோ அந்தத் துண்டைப் பெயர்த்து வந்து, "மண்ணே கிளேஸ் ஆயிருச்சு பாருண்ணே" என்று சிரிக்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் செராமிக் பட்டப்படிப்பு இருக்கிறது. நுழைவுத் தேர்வில் மண் வேலை உண்டா, வெறும் வரைதல்தானா? இல்லை, புதுச்சேரிப் பக்கம் ஏதாவது பட்டறையில் நேரடியாகச் சேர்ந்துவிடலாமா? 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் பழகியவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? கற்றுக்கொண்டே கொஞ்சம் சம்பளமும் கிடைத்தால் வீட்டில் பேசுவது சுலபம். அப்புறம், சொந்தச் சூளை வைக்க உங்களுக்கு எத்தனை வருஷம் ஆனது?