மறு: ‘காப்’ காசுக்குத் தமிழில் என்ன?

நண்பர்களே, நாணயம் சேர்ப்பவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஸ்பானிய அமெரிக்கத் தங்கக் காசுகள் பற்றிய இயலில் எஸ்குடோ, டபுளூன் என்ற காசுப் பெயர்களை எல்லாம் அப்படியே விட்டுவிட்டேன், ‘காப்’தான் உதைக்கிறது. பாளத்திலிருந்து துண்டு வெட்டி, எடை சரியாகும்வரை ஓரத்தை நறுக்கி, இரண்டு அச்சுக்கு நடுவே வைத்துச் சுத்தியலால் அடித்த காசு. லிமா, பொகோட்டா, மெக்சிகோ அக்கசாலைகளில் (காசு அடிக்கும் சாலைகளில்) அடித்தது. 1715-இல் புளோரிடா கரையோரம் புயலில் உடைந்த கப்பல்களிலிருந்து இன்னும் எடுக்கிறார்கள். ‘வெட்டுக்காசு’ சரியா?

—

சரியில்லை. சில்லறைக்காக அரையும் காலுமாக வெட்டிய காசுகள் தனியாக உண்டு, குழம்பும். ‘பாளத்தின் முனை’ என்ற ஸ்பானியத் தொடரிலிருந்து வந்த சொல் என்பார்கள். தறித்தல் என்றால் வெட்டுதல்தானே? ‘தறிகாசு’ என்னுங்கள். வினைத்தொகை, முக்காலமும் தாங்கும்.

—

ஐயா, முக்காலமும் தாங்கும், ஈரோடு தாங்காது. இங்கே தறிகாசு என்றால் நெசவுக்கூலி. ‘கோணல் காசு’ குழந்தைக்கும் புரியும்.

—

வடிவம் கோணலே தவிர எடை கோணல் இல்லை, தம்பி. 8 எஸ்குடோ எந்த வடிவில் இருந்தாலும் சுமார் 27 கிராம். அதோடு வட்டமாக, நேர்த்தியாக அடித்த ‘ராயல்’ காசுகளும் இதே வகைதான், அவற்றைக் கோணல் என்பீர்களா? பெயர் செய்முறையிலிருந்து வரட்டும்.

—

அப்படியானால் ‘கையடிக் காசு’?

—

சோழர் காசும் கையடிதான் அம்மா. அது இருக்கட்டும், காசில், தங்கத்தின் மாற்றுப் பார்த்தவரின் எழுத்து ஒன்று இருக்குமே, அவரை எப்படிப் பெயர்த்தீர்கள்? ‘பரிசோதகர்’ என்று எழுதியிருந்தால் அழித்துவிடுங்கள். நமக்கு வண்ணக்கன் இருக்கிறார். சங்கப் புலவர் வடமவண்ணக்கன் பேரிசாத்தனாரின் பெயரிலேயே அந்தத் தொழில் நிற்கிறது.

—

வண்ணக்கன் என்று எழுதினால் பெயின்டர் என்று படிப்பார்கள்.

—

பெயின்டரைப் பற்றி அப்புறம் பேசலாம், நாளை வெள்ளி. ‘நறுக்குக்காசு’ என்று நாலு பேர் சொல்லிவிட்டீர்கள், அதையே போட்டு, முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் ‘காப்’ என்றும் எழுதிவிட்டேன். வண்ணக்கனையும் சேர்த்தாயிற்று, அடியில் ஒரு வரி விளக்கத்தோடு.

—

நறுக்கு என்றால் ஓலை நறுக்கு. தறிகாசில் என்ன குறை என்று இன்னும் யாரும் சொல்லவில்லை, ஈரோட்டைத் தவிர.