தாத்தா காலத்துத் தேக்குக் கதவு, மேலே ஐந்தாறு கோட் எனாமல்: எந்த ரிமூவர் வாங்குவது?

சைதாப்பேட்டைப் பேரன்:
எல்லோருக்கும் வணக்கம். வேலூர் சைதாப்பேட்டையில் தாத்தா கட்டிய வீடு. வாசல் கதவு தேக்கு, இரட்டைக் கதவு, மேல் பலகையில் தாமரை செதுக்கியிருக்கிறது என்று அப்பா சொல்கிறார். சொல்கிறார் என்றுதான் எழுத முடியும், ஏனென்றால் பொங்கலுக்குப் பொங்கல் யாராவது ஒரு டப்பா எனாமலை எடுத்து அதன் மேல் பூசியிருக்கிறார்கள், முதலில் பச்சை, அப்புறம் நீலம், நடுவில் ஒரு சாக்லேட் கலர், இப்போது பார்த்தால் தோசை மாவு ஊற்றி ஆற வைத்த மாதிரி இருக்கிறது. ஆனியில் தங்கை கல்யாணம். அதற்குள் எல்லாவற்றையும் உரித்துவிட்டு மரம் தெரியப் பாலிஷ் போட ஆசை.

அரை லிட்டர் தின்னர் வாங்கி ஒரு மணி நேரம் தேய்த்தேன். பளபளப்பு மங்கியதுதான் மிச்சம். கடையில் போய்க் கேட்டால் மூன்று வழி சொல்கிறார்கள். ஒன்று பெயிண்ட் ரிமூவர் டப்பா, மூடியைத் திறந்தாலே கண் எரிகிறது. இரண்டாவது காஸ்டிக் சோடா, விலை மலிவு. மூன்றாவது வாடகைக்கு ஹீட் கன், சூடான காற்றை ஊதிப் பெயிண்டை இளக்கும் கருவி. எதை எடுப்பது? ஜன்னல் கம்பியிலும் உள்சுவரிலும் இதே கதைதான், அதற்கும் அந்த டப்பாவே போதுமா? வீட்டில் மூன்று வயதுப் பையன் இருக்கிறான், மனைவிக்கு இது ஐந்தாம் மாதம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆரணித் தச்சன் மகன்:
தம்பி, தின்னர் பெயிண்டைக் கலக்கத்தான், உரிக்க இல்லை. வெல்லத்தைத் தண்ணீரில் கரைக்கலாம், அவித்த முட்டையைக் கரைக்க முடியுமா? எனாமல் காற்றோடு சேர்ந்து இறுகிப்போன அவித்த முட்டை. பழைய பீரோ, நாற்காலி மேல் இருக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் வெல்லம் மாதிரி, அது தின்னருக்கு இளகும். பிரெஞ்சு பாலிஷ் என்றால் அது அரக்கு, ஸ்பிரிட் தொட்ட பஞ்சிலேயே வந்துவிடும். அதனால் எதை வாங்குவது என்று கடைக்காரரைக் கேட்பதற்கு முன் கதவையே கேட்க வேண்டும். கதவின் பின்பக்கம் கீழ் மூலையில் உள்ளங்கை அளவு இடத்தில் முதலில் ஸ்பிரிட், அப்புறம் தின்னர், இரண்டுக்கும் அசையவில்லை என்றால்தான் ரிமூவர்.

காஸ்டிக் சோடாவைத் தேக்கில் மட்டும் தொடாதே. எனாமலில் இருக்கும் எண்ணெயை அது சோப்பாக்கிவிடும், அதனால் பெயிண்ட் நன்றாகவே உரியும், அதில் பொய் இல்லை. ஆனால் தேக்கு கறுத்துப்போகும், நார் எழும்பி நிற்கும், இடுக்கில் மிச்சம் தங்கினால் அடுத்த வருடம் புதுப் பாலிஷ் கொப்புளம் கட்டும். ஒரு வீட்டில் அப்படிக் கறுத்த கதவை ஆக்சாலிக் ஆசிட் போட்டு வெளுக்க வைக்க அப்பாவும் நானும் மூன்று நாள் மாரடித்தோம். ஜன்னல் ஏதாவது அலுமினியம் என்றால் அதன் பக்கமே கொண்டுபோகாதே, அரித்துவிடும்.

ஹீட் கன் சமமான பலகைக்குச் சரி. செதுக்கலில் பிடித்தால் மேடு கருகும், பள்ளத்தில் பெயிண்ட் அப்படியே இருக்கும். பக்கத்தில் கண்ணாடி இருந்தால் விரிசல் விடும்.

ராணிப்பேட்டை கெமிஸ்ட்:
மேலே அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், ஹீட் கனை அவர் சொன்ன காரணத்தைவிடப் பெரிய காரணத்துக்காக வேண்டாம் என்பேன். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் வந்து 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. உங்கள் கதவின் அடியில் இருக்கும் பச்சை அதற்கு எத்தனையோ வருடம் மூத்தது, அந்தக் காலத்து மஞ்சளிலும் பச்சையிலும் ஈயக் குரோமேட் போடுவது சகஜம். சூடு ஏறினால் ஈயம் புகையாக வரும், உலர்ந்த உப்புத்தாளில் தேய்த்தால் தூசியாக வரும். தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் இரண்டுமே கூடாது. தேய்க்க வேண்டியதைத் தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரில் தேயுங்கள். உரித்ததைக் கவரில் கட்டுங்கள், எரிக்காதீர்கள், தென்னை மரத்தடியில் கொட்டாதீர்கள்.

கண் எரிகிற அந்த டப்பா பெரும்பாலும் டைகுளோரோமீத்தேன், மெத்திலீன் குளோரைடு என்றும் எழுதியிருப்பார்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் பெயிண்டை அப்பளம் மாதிரி பொங்க வைத்துவிடும், வேகத்தில் அதற்கு ஈடு இல்லை. ஆனால் அது கொதிப்பதே 40 டிகிரியில். நம் ஊரை வெயிலூர் என்று சும்மாவா கேலி பண்ணுகிறார்கள், அக்னி நட்சத்திரத்து மதியத்தில் பூசினால் பெயிண்டுக்குள் இறங்குவதற்கு முன்னால் பாதி ஆவியாகி உங்கள் மூக்குக்குப் போய்விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனம், அறையில் கீழே தேங்கி நிற்கும். உடம்புக்குள் போனால் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடாக மாறும், மூடிய அறையில் கரியடுப்பு வைத்தால் ஆளைக் கொல்லுமே, அதே வாயு. மூடிய குளியலறையில் இதை வைத்து வேலை செய்து செத்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் 2019-லேயே வீட்டுக்காரர்களுக்கு விற்பதை நிறுத்திவிட்டார்கள். துணி மாஸ்க் இதைத் தடுக்காது, மெல்லிய ரப்பர் கையுறையைக்கூடச் சில நிமிடத்தில் ஊடுருவிவிடும்.

வாசனையே இல்லை என்று இன்னொரு வகையைக் காட்டினால் அதற்கும் ஏமாற வேண்டாம். டப்பாவில் என்-மெத்தில் பைரோலிடோன் என்று இருந்தால் அது வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஆகாது. பென்சைல் ஆல்கஹால் என்று இருப்பதைத் தேடுங்கள், பசை மாதிரி இருக்கும், மணிக்கணக்கில் ஊற வேண்டும், இரண்டு தடவை பூச வேண்டியிருக்கும். உங்களுக்கு ஆனி வரை நேரம் இருக்கிறதே. எதை வாங்கினாலும் அந்த ஒரு வாரம் மனைவியையும் பையனையும் மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

கஸ்பா ராஜா:
இவ்வளவு பாடு எதற்கு? மேலேயே இன்னொரு கோட் அடித்துவிட்டுக் கல்யாண வேலையைப் பார்ப்பதுதானே.

ஆரணித் தச்சன் மகன்:
ராஜா சார், அப்படி அடித்து அடித்துத்தானே தாமரை காணாமல் போனது.

சத்துவாச்சாரி அக்கா:
சுவருக்கு ரிமூவர் வேண்டவே வேண்டாம் தம்பி, காசுக்குப் பிடித்த கேடு. சுண்ணாம்பும் டிஸ்டெம்பரும் தண்ணீரில் நன்றாக நனைத்துவிட்டு பட்டித் தகட்டால் சுரண்டினாலே வரும். ஜன்னல் கம்பிக்குக் கம்பி பிரஷ், துருவை எடுத்த அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர். அங்கேயும் பழைய பெயிண்ட்தான் என்பதால் நனைத்துக்கொண்டே தேயுங்கள், அப்புறம் துடைத்து நன்றாகக் காய விட்டு அடியுங்கள்.

கதவுக்கு நான் பட்டதைச் சொல்கிறேன். போன வருடம் பூஜை அறைக் கதவுக்கு அந்தப் பசை ரிமூவரைத்தான் வாங்கினேன். மத்தியானம் பூசிவிட்டுச் சாப்பிடப் போனேன், வந்து பார்த்தால் கருவாடாகக் காய்ந்து கிடக்கிறது, ஒரு டப்பா காசு போச்சு. அப்புறம்தான் புத்தி வந்தது. விடிகாலை ஐந்தரைக்கு வேப்பமரத்து நிழலில் கதவைக் கிடத்தி, மாவு அப்புவது போலத் தடிமனாக ஒரே பக்கமாக இழுத்துப் பூசி, திரும்பத் திரும்பத் தேய்க்காமல், மேலே பிளாஸ்டிக் ஷீட் போர்த்தி ஓரத்தில் செங்கல் வைத்துவிட்டேன். ஒன்பது மணிக்கு ஷீட்டைத் தூக்கினால் நான்கு கலரும் பாலாடை மாதிரி சுருண்டு வந்தது. அதைப் பார்க்கிற சந்தோஷம் இருக்கிறதே! உரித்த பிறகு டப்பாவில் எதால் கழுவச் சொல்லியிருக்கிறதோ அதால் கழுவுங்கள். சில வகையில் மெழுகு கலந்திருக்கும், அது போகாமல் பாலிஷ் போட்டால் ஒட்டாது.

சைதாப்பேட்டைப் பேரன்:
அக்கா, அண்ணா, கெமிஸ்ட் சார், எல்லோருக்கும் நன்றி. மனைவியும் பையனும் குடியாத்தம் போயாயிற்று. பென்சைல் ஆல்கஹால் வகை உள்ளூர்க் கடையில் கிடைக்கவில்லை, ஆன்லைனில் வரவழைத்தேன். கதவுக்குக் கீல் இல்லை, மேலும் கீழும் முளை மாதிரி நீட்டிய குடுமியில் நிற்கிறது, நானும் சித்தப்பாவும் சேர்ந்து ஒரு பக்கத்தை மட்டும் தூக்கிப் பின்கட்டில் கிடத்தியிருக்கிறோம், வாசலின் அந்தப் பாதிக்கு இப்போது தகரம்தான் காவல். நேற்று இரண்டாம் தடவை பூசி உரித்தாயிற்று. சமமான இடமெல்லாம் மரம் தெரிகிறது. மேல் பலகையில் இருப்பது தாமரை இல்லை, இரண்டு கிளி, எதிரும் புதிருமாக. அப்பா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு சந்தேகம், கிளியின் இறகு வரிகளுக்குள் பச்சை மட்டும் நிற்கிறது, ஊசியால் எடுக்கலாமா?

ஆரணித் தச்சன் மகன்:
ஊசியும் கம்பி பிரஷும் வேண்டாம், கீறல் விழுந்தால் பாலிஷில் பல் இளிக்கும். மூங்கில் குச்சியைச் சாய்வாகச் சீவி வைத்துக்கொள், நுனி மழுங்க மழுங்கச் சீவிக்கொண்டே எடு. தேங்காய் நாரை ரிமூவரில் தொட்டுத் தேய்த்தாலும் வரும், கையுறை போட்டுக்கொண்டு. இன்னொரு பக்கக் கதவை அவசரப்பட்டுக் கழற்றாதே, இதை முதலில் மாட்டு. கிளியின் படம் ஒன்று போடு தம்பி, அப்பாவிடம் காட்ட வேண்டும்.