பெங்களூர் அல்சூர் பக்கம் ராத்திரியில் பூனை பார்க்கும் டாக்டர் யாராவது உண்டா? அவசரம்

எங்கள் முத்துவுக்கு நாலு வயது, ஆண் பூனை. நேற்று ராத்திரியிலிருந்து மணல் தட்டுக்கும் கட்டிலடிக்குமாக அலைகிறான். வழக்கமாக மணலில் சிறுநீர் பட்டு எலுமிச்சம்பழம் அளவுக்கு ஈரக்கட்டி இருக்கும். இன்று காலையில் கொட்டைப்பாக்கு அளவுதான் இருந்தது. ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால் சொட்டுகூட இல்லை. முதுகை வளைத்து உட்கார்ந்து முக்குகிறான், அடித்தொண்டையில் ஒரு முனகல், அப்புறம் அந்த இடத்தையே நக்கிக்கொண்டிருக்கிறான். நெத்திலி வைத்தேன், மோந்துகூடப் பார்க்கவில்லை.

மலச்சிக்கல்தான், விளக்கெண்ணெய் கொடு என்கிறார் அம்மா. எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆண் பூனைக்குச் சிறுநீர்க்குழாய் ரொம்பக் குறுகல். அடைத்துக்கொண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுவிடலாம். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உயிருக்கே ஆபத்து. தயவுசெய்து வலிக்குப் பாராசிட்டமால் கொடுக்கச் சொல்லாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

காலையில் ஹெப்பாள் கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம் என்றால் அதுவரை பொறுக்க முடியாது. இப்போது மணி ஒன்பது. அல்சூர், இந்திராநகர், பிரேசர் டவுன் பக்கம் இந்நேரத்தில் டியூப் போட்டு அடைப்பு எடுக்கும் இடம் தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள். தூரமானாலும் சரி. கூடையில் துண்டு விரித்து, ஆட்டோவையும் வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறேன்.